ஜப்பானியப் பாட்டில் கைக்கிளை



ஒப்பிலக்கியத்துக்கென்று நிறுவப்பட்ட அறக்கட்டளை இது. இதன் மேடையில் ஜப்பானியப் பாப் பாட்டும் ராக் பாட்டும் பேசுபொருளாகும் என்று இதை நிறுவிய பெரியவர் நினைத்திருக்க மாட்டார். தலைப்பை எழுதி அனுப்பியபோது துறைத்தலைவர் ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். அவருக்கு முதல் நன்றி. பாட்டு வரிகளை நான் இங்கே எடுத்துச் சொல்லப்போவதில்லை. அவை பதிப்புரிமைக்கு உட்பட்டவை. இந்தப் பேச்சோ அச்சுக்குப் போகிறது. பாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1982-இலிருந்து தொடங்குகிறேன். நகோயா நகரத்தில் மகளிர் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த ஒகாமுரா தகாகோ, கதோ ஹருகோ என்ற இரண்டு மாணவிகள் ‘அமிங்’ என்ற பெயரில் சேர்ந்து பாடினார்கள். அந்த ஆண்டு யமஹா நிறுவனம் நடத்திய ‘பாப்கான்’ பாட்டுப் போட்டியில், ஒகாமுரா எழுதி இசையமைத்த ‘மட்சுவா’ முதல் பரிசு வாங்கியது. ஜூலையில் இசைத்தட்டாக வந்தது. ‘நான் காத்திருப்பேன்’ என்பது தலைப்பின் பொருள். பெண் ஒருத்தி ஒருவனை விரும்புகிறாள். அவனுக்கு வேறொருத்தி இருக்கிறாள். இவள் புலம்பவில்லை, சபிக்கவில்லை, அவனிடம் போய்ச் சொல்லவும் இல்லை. அந்த இன்னொருத்தி அவனைக் கைவிடும் நாள்வரை காத்திருக்கிறேன் என்கிறாள், அவ்வளவுதான். மெட்டு இதமானது. இரண்டு இளங்குரல்கள் இழைந்து வரும்போது முதலில் அது நல்ல பிள்ளைகள் பாடும் பாட்டாகத்தான் காதில் விழும். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் உறைக்கும்: தான் விரும்பியவன் மனமுடைந்து நிற்கப்போகும் நாளை அல்லவா இவள் எதிர்பார்த்திருக்கிறாள்! ஓரிகான் என்ற இசைத்தட்டு விற்பனைத் தரவரிசையில் அந்த ஆண்டு முழுமைக்கும் முதலிடம் பிடித்த சிங்கிள் இதுதான்.

ஒரு நாடே இந்தப் பாட்டைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்டது ஏன்? ஜப்பானிய ஒருதலைக் காதல் பாட்டுக்கு மறுப்பே தேவையில்லை என்பது என் விடை. சொல்லி, மறுக்கப்பட்டு, உடைந்து போகிற கதை அங்கேயும் உண்டு. ஆனால் பாட்டின் உயிர் அதில் இல்லை. சொல்லாமல் வைத்திருக்கும் நாட்களில் இருக்கிறது. ‘கத்தாவோமோய்’ என்று அவர்கள் பெயர் சூட்டியிருக்கும் இந்த நிலைக்குப் பாட்டு மட்டுமல்ல, தனி ஒழுக்கமே இருக்கிறது. விரும்பப்பட்டவர் மீது பழி போடக்கூடாது என்பது அதன் முதல் விதி. விதியை மீறுகிற பாட்டுகளும் உண்டு.

தமிழ்த்துறை மேடையில் நிற்பவன் கைக்கிளையைத் தொடாமல் போக முடியாது. தொல்காப்பியம் ஐந்திணையை நடுவே வைத்து, ஒருதலைக் காதலாகிய கைக்கிளையை ஒரு புறமும் பொருந்தாக் காதலாகிய பெருந்திணையை மறுபுறமும் ஒதுக்கியது. அங்கே பேசுபவன் ஆண். பதில் சொல்லத் தெரியாத இளையவள் முன்னால் தானே சொல்லித் தானே மகிழ்கிறான். பெண்பாற் கைக்கிளை புறப்பொருள் வெண்பாமாலையில் தனிப் பகுதியாக இடம்பெற்றது. முத்தொள்ளாயிரத்தில் உலா வரும் மன்னனைக் கண்டு மயங்கும் பெண்கள் அதற்கு அழகான சான்று. எப்படியிருந்தாலும் நம் இலக்கணத்தில் அது ஓரத்துச் சரக்குத்தான்.

ஜப்பானில் அது நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது. 905-ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட அரசவைத் தொகை நூல் ‘கொகின்ஷூ’வின் இருபது பாகங்களில் ஐந்து காதலுக்கு உரியவை. பாட்டுகளை அடுக்கியிருக்கும் முறையைப் பாருங்கள்: இன்னும் சந்திக்காதவளை நினைத்து ஏங்குவதில் தொடங்கி, பிரிந்தபின் நினைத்து வருந்துவதில் முடிகிறது. நடுவே சேர்ந்திருக்கும் காலம் வந்ததும் தெரியாமல் போய்விடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புஜிவாரா நோ தெய்கா தேர்ந்தெடுத்த நூறு கவிஞர்களின் நூறு பாட்டில் நாற்பத்து மூன்று காதல் பாட்டு. அதில் நாற்பதாம் பாட்டுக்கும் நாற்பத்தொன்றாம் பாட்டுக்கும் ஒரு கதை உண்டு.

960-இல் அரண்மனையில் ஒரு கவிப்போட்டி. ‘காதல்’ என்று தலைப்பு கொடுத்தார்கள். கனெமோரி என்ற கவிஞர் ஒரு பாட்டு, ததாமி என்ற கவிஞர் ஒரு பாட்டு. ஒருவர் பாட்டில், மறைத்தும் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. மற்றவர் பாட்டில், யாருக்கும் தெரியாமல் நினைக்கத் தொடங்கியதும் ஊர்ப்பேச்சு கிளம்பிவிட்டது. நடுவருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பேரரசர் முராகாமி கனெமோரியின் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தார். அதையே தீர்ப்பாகக் கொண்டார்கள். தோற்ற ததாமி சோறு இறங்காமல் செத்தே போனார் என்று பிற்காலத்தார் கதை கட்டினார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு இதில் பிடித்தது வேறு. இருவரும் அன்றைக்கு யாரையும் காதலித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. தலைப்புக் கொடுத்தார்கள், பாடினார்கள். ஒருதலைக் காதல் அங்கே ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு கலைத்தொழில். டோக்கியோவின் இசைப்பதிவுக் கூடத்தில் பணம் வாங்கிக்கொண்டு பாட்டெழுதுபவர் கனெமோரிக்குத் தூரத்துச் சொந்தம் அல்ல, நேர் வாரிசு.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானியப் பழம்பாட்டையும் சங்கப் பாட்டையும் சேர்த்துப் படிப்பது இன்றைக்குப் புதிதாகக் கிளம்பிய யோசனை இல்லை. மொழியியலறிஞர் ஓனோ சுசுமு ஜப்பானிய மொழிக்குத் தமிழோடு உறவு உண்டு என்று வாதிட்டார்; யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியுறவு பற்றிய அவருடைய கொள்கையைப் பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை. நானும் அதன் மேல் எதையும் கட்டப்போவதில்லை. இரண்டு இலக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க மொழிகள் பங்காளிகளாக இருக்க வேண்டியதில்லை.

இனி இசைத்தட்டுக் காலம். போருக்குப் பின் வளர்ந்த எங்கா என்ற பாட்டு வகையில் துறைமுகம், பனி, மது, ஏமாந்த பெண் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. அந்தப் பெண்ணின் குரலை எழுதியவர்களில் மிகப் பலர் ஆண்கள். 1977-இல் இஷிகாவா சயூரி பாடிப் புகழ்பெற்ற சுகாரு நீரிணைப் பாட்டில், காதலை விட்டுவிட்டு வடக்கே போகிறாள் ஒருத்தி. உவேனோ நிலையத்தில் இரவு ரயில் ஏறி, அவோமோரியில் இறங்கிக் கப்பலுக்கு நடக்கிறாள். எழுதியவர் அகு யூ, ஆண். அருமையான பாட்டு. ஆனால் அந்தப் பெண் அழுகிற விதத்தில் ஆண் எதிர்பார்க்கும் அழகு கொஞ்சம் கூடுதல்.

மட்சுமோதோ தகாஷி வேறு வழியில் வந்தவர். ‘ஹப்பி எண்டோ’ என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். ராக் இசையை ஜப்பானிய மொழியில் பாட முடியுமா என்று சண்டை நடந்த காலத்தில், முடியும் என்று எழுதிக் காட்டிய குழு அது. குழு கலைந்தபின் பாட்டெழுதப் போனார். 1975 இறுதியில் பாடகி ஓதா ஹிரோமிக்காக அவர் எழுதியது ‘பருத்திக் கைக்குட்டை’. இசை சுட்சுமி கியோஹெய். ஊரை விட்டுப் பெருநகருக்கு வேலைக்குப் போனவனும் ஊரிலேயே இருப்பவளும் மாறி மாறிப் பேசும் பாட்டு. நகரத்தில் என்ன வாங்கி அனுப்பட்டும் என்று அவன் ஒவ்வொரு சுற்றிலும் கேட்கிறான். எதுவும் வேண்டாம், நீ மாறாமல் வந்தால் போதும் என்கிறாள். அவன் மாறுகிறான். திரும்பி வரமாட்டேன் என்கிறான். அப்போதுதான் அவள் முதல்முறையாக ஒன்று கேட்கிறாள், கண் துடைக்க ஒரு பருத்திக் கைக்குட்டை. இரண்டு குரலையும் ஒரே பெண் பாடுகிறாள் என்பதைக் கவனியுங்கள். மெட்டோ துள்ளிக்கொண்டு போகிறது. அவன் ஆரவாரத்தில் அவள் குரல் அடங்கிப்போவதை இசையே காட்டிவிடுகிறது. இருவரும் விரும்பித் தொடங்கிய காதல், பாட்டு முடிவதற்குள் நம் கண்ணெதிரே ஒருதலையாகிவிடுகிறது.

பெண்கள் தாங்களே எழுதத் தொடங்கியபோது நிலைமை மாறியது. அதற்கு ஒரு புறக் காரணம் யமஹாவின் பாப்கான். இசைக்கருவி விற்கும் நிறுவனம், வாங்கியவர்கள் வாசிக்க மேடை வேண்டுமே என்று நடத்திய போட்டி. 1969-இலிருந்து 1986 வரை நடந்தது. எழுதியவரே பாட வந்த மேடை. 1975-இல் அங்கிருந்து புறப்பட்டவர் சப்போரோவில் பிறந்த நகாஜிமா மியூகி. காதல் தோல்விப் பாட்டின் அரசி என்று பத்திரிகைகள் பட்டம் கொடுத்தன. எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள், இரண்டாயிரங்கள் என்று நான்கு பதிற்றாண்டிலும் ஓரிகான் முதலிடத்தைத் தொட்டவர்.

அவருடைய 1981-ஆம் ஆண்டுப் பாட்டு ‘அகுஜோ’, அதாவது கெட்டவள், பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டியது. அவனுக்கு வேறு பெண் மீது மனம் போய்விட்டது என்று இவளுக்குத் தெரியும். அவன் குற்ற உணர்ச்சியில்லாமல் போகட்டும் என்று, தானே ஊர் சுற்றுபவள் போல வேஷம் போடுகிறாள். வேஷத்துக்குச் செலவு இருக்கிறது. மரிகோ என்ற தோழியின் அறைக்குத் தொலைபேசி செய்து, ஆணோடு இருப்பது போல நாடகமாடுகிறாள். மரிகோவுக்கும் வேலை இருக்கிறது, எத்தனை நாள் உடன் நடிப்பாள்? சனிக்கிழமை இல்லாவிட்டால் சினிமா சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஹோட்டல் வரவேற்பறையில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? திரும்பிப் போக இருக்கும் ஒரே இடம் அவன் அறை. அங்கே ரிசீவரைக் கழற்றி வைத்திருக்கிறான். ‘போகாதே’ என்று ஒரு சொல் வாய்க்குள்ளேயே நிற்கிறது. நிலா வெளிச்சத்தில் கெட்டவளாக நடிக்காதே, உண்மை கசிந்துவிடும் என்று பாட்டு எச்சரிக்கிறது. காதல் துயரத்தை இப்படிச் சில்லறைச் செலவுக் கணக்காக எழுதியவர் அவருக்கு முன் யார்? கேட்பவர் கண் கலங்குவது அந்த ஹோட்டல் வரவேற்பறையில்தான். என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்த வகையில் இதைத் தாண்டிய பாட்டு இல்லை.

நகாஜிமாவோடு எப்போதும் ஒப்பிடப்படுபவர் அராய் யூமி, திருமணத்துக்குப்பின் மட்சுதோயா யூமி. மக்கள் வாயில் யூமிங். அவர் 1976-இல் மிகி செய்கோ என்ற பாடகிக்கு எழுதிக் கொடுத்த ‘மச்சிபுசே’ ஐந்தாண்டு கழித்து இஷிகாவா ஹிதோமி மறுபடி பாடியதும் பெரும் வெற்றி பெற்றது. பதுங்கிக் காத்திருத்தல் என்பது தலைப்பு. மாலை நேரத்துக் காப்பிக்கடையில் அவனையும் இன்னொருத்தியையும் பார்க்கிறாள். அக்கறையில்லாதவள் போல அவர்கள் கூட்டத்தில் சேர்ந்து மேசைக்கு எதிர்ப்புறம் உட்காருகிறாள். அந்தப் பெண்ணோடு முறிந்துவிட்டது என்று கேள்விப்பட்டும் தானாகப் போய்ச் சொல்ல மாட்டாள். வேறொருவன் தனக்கு எழுதிய காதல் கடிதத்தை அவன் கண்ணில் படும்படி காட்டுகிறாள். தற்செயலாகச் சந்திப்பது போல அவன் வீடு திரும்பும் வழியில் நிற்கிறாள்.

கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் 1999-இல் சைதாமா மாவட்டத்து ஒகெகாவாவில், பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கப்பட்ட மாணவி ஒருத்தி கொலையானாள். புகார் கொடுத்தும் காவல்துறை அசட்டையாக இருந்தது நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டே பின்தொடர்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பட்டியலிடும் செயல்களில் ‘மச்சிபுசே’ பெயர் சொல்லியே இருக்கிறது. 1981-இல் எல்லாரும் வாய்விட்டுப் பாடிய தலைப்பு 2000-இல் தண்டனைக்குரிய செயல்! பாட்டை அதற்காகத் தடை செய்யச் சொல்லவில்லை. பாட்டு இன்றும் பாடப்படுகிறது, பாடட்டும். ஆனால் சொல்லாத காதலின் எல்லை எங்கே முடிகிறது என்பதை யூமிங்கின் கூர்மையான பேனா தெரிந்தோ தெரியாமலோ காட்டிவிட்டது. பழி போடாத காதலும் வழிமறிக்கலாம்.

ஆண்கள் பக்கம் வருவோம். 1983-இல் முராஷிதா கோசோ பாடிய ‘முதல் காதல்’ பள்ளி விட்டபின் விளையாட்டுத் திடலில் ஓடும் ஒருவரைத் தூரத்திலிருந்து பார்க்கும் பாட்டு. விரும்புகிறேன் என்று சொல்ல முடியாமல் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் முழுக் கதையும். நடந்தது என்று ஒன்றும் இல்லை. முராஷிதா பிறந்தது மினமாதா. பாதரச நச்சால் உலகம் அறிந்த அந்த ஊர், இந்த மனிதருக்கு நினைவுச்சின்னம் வைத்து இந்தப் பாட்டின் பெயராலும் நினைக்கப்பட முயல்கிறது. 1999-இல் நாற்பத்தாறு வயதில் இறந்துபோனார்.

பள்ளிக்கூடம் இந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. அங்கே பள்ளியாண்டு மார்ச்சில் முடிகிறது. பிரிவுவிழா முடிந்தால் அவரவர் ஊர் அவரவர்க்கு. சொல்லாததைச் சொல்லக் கடைசித் தவணை அது. மாணவனின் கறுப்புச் சீருடையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இதயத்துக்கு அருகில் இருப்பதாம். விரும்பும் பெண் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். 1983-இல் கஷிவாபாரா யோஷியே பாடிய ‘வசந்தமாயிருந்தும்’ பாட்டில் பெண் நினைவாக ஒரு பொத்தான் கேட்கிறாள். வாங்கி வானத்தில் வீசி எறிந்துவிடப் போகிறாளாம். எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நகாஜிமா மியூகிதான். வேறு யாராவது எழுதியிருந்தால் பொத்தானைப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருப்பார்கள்.

2009-இல் ‘சூப்பர்செல்’ குழுவின் பாட்டு ஒன்று ‘பகேமோனோகதாரி’ என்ற அனிமே தொடரின் முடிவுப் பாட்டாக வந்தது. ‘நீ அறியாத கதை’ என்பது பெயர். நண்பர்கள் கோடை இரவில் விண்மீன் பார்க்கப் போகிறார்கள். பையன் கோடை முக்கோணத்தைச் சுட்டிக் காட்டுகிறான்: தெனெப், ஆல்டேர், வேகா. வேகா நெசவு செய்யும் இளவரசி. ஆல்டேர் மாடு மேய்ப்பவன். பால்வெளிக்கு இருபுறமும் பிரிந்து நிற்கும் இந்த இருவரும் ஆண்டுக்கொரு முறை, ஏழாம் மாதம் ஏழாம் நாள் இரவில், சந்திப்பதாக ஐதீகம்; தனபாதா என்று திருவிழாவே எடுக்கிறார்கள். பாட்டில் வரும் பெண் இளவரசியைக் கண்டுபிடித்துவிடுகிறாள், இடையனைத் தேடுகிறாள். பக்கத்தில் நிற்பவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. விண்மீன்களை அடையாளம் காட்டிக்கொண்டிருப்பவனே அவள் தேடும் இடையன் என்பது கேட்பவருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. எழுதிய ரியோ கணினிக் குரலான ஹட்சுனே மிகுவுக்குப் பாட்டு எழுதி இணையத்தில் வளர்ந்தவர். புதிய கருவி, பழைய புராணம்.

காதலைச் சொல்வது அங்கே ‘கொக்குஹாக்கு’ என்ற சடங்கு. விரும்புகிறேன், என்னோடு பழகுங்கள் என்று நேரே நின்று கேட்க வேண்டும். ‘ஹனிவொர்க்ஸ்’ குழுவின் பாட்டு ஒன்றில் பெண் சொல்லியே விடுகிறாள், சொன்ன மறு நொடியே ‘இது ஒத்திகை’ என்று சிரித்து மழுப்புகிறாள். அதிலிருந்து கதைகள் வளர்ந்து 2016-இல் திரைப்படமும் வந்தது. எனக்கு இந்தக் குழுவின் இசை அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அந்த ஒத்திகைக் கற்பனைக்கு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும்.

ராக் குழுக்களில் ‘பேக் நம்பர்’ குழுவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குன்மா மாவட்டத்தில் 2004-இல் ஷிமிசு இயோரி தொடங்கியது. அவருடைய காதலி வேறொரு இசைக்குழுக்காரரோடு போய்விட்டார். அவளுக்கு நான் இனிப் பழைய இதழ் என்று சொல்லிக் குழுவுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார். 2013-இல் வந்த ‘தகானே நோ ஹனாகோ சான்’ அவர்களுடைய முத்திரைப் பாட்டு. எட்டாத மலையுச்சிப் பூ என்ற வழக்கை ஒரு பெண் பெயராக்கிக்கொண்ட குறும்பு தலைப்பிலேயே இருக்கிறது. அவளுக்கு வரப்போகும் காதலன் எப்படி இருப்பான் என்று இவன் கற்பனை செய்கிறான்: மாடல் போல இருப்பான், வெயிலில் கறுத்த உடம்பு, மேல்நாட்டு இசை கேட்பவன். இல்லாத எதிரியை இவனே செய்து, இவனே அவனிடம் தோற்கிறான். கிட்டார்கள் இரைகின்றன, பாடுபவன் தன்னைத்தான் கேலி செய்கிறான், அவளை ஒரு சொல்லும் குறை சொல்வதில்லை. முதல் விதி இங்கே காப்பாற்றப்படுகிறது. 2019-இல் ‘ஒஃபிஷியல் ஹிகே தண்டிசம்’ குழுவின் ‘பிரிட்டெண்டர்’ வந்தது. மோசடிக்காரர்கள் பற்றிய படத்துக்கான பாட்டு; அவளுக்கு விதிக்கப்பட்டவன் தானில்லை என்று ஒப்புக்கொண்டு, நீ அழகு என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். வங்கியில் வேலை பார்த்துவிட்டுப் பாட வந்த புஜிஹாரா சதோஷியின் குரல் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் அந்த ஒப்புதல் வருகிறது.

இத்தனை பாட்டையும் மக்கள் எங்கே பாடுகிறார்கள்? 1971-இல் கோபே நகரத்தில் இனோவே தைசுகே காசு போட்டால் இசை மட்டும் ஒலிக்கும் பெட்டியைச் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்குக் கொடுத்தார். காப்புரிமை வாங்கவில்லை. 1985-இல் ஒகயாமாவில் சரக்குக் கன்டெய்னரை அறையாக மாற்றித் தனியறைக் கரோக்கே தொடங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு நான்கு நண்பர்கள் முன்னால் பாடலாம். விரும்பும் ஆள் அதே அறையில் உட்கார்ந்திருக்கலாம். பாட்டுத்தானே என்று சொல்லிக்கொள்ள இடமும் இருக்கிறது. ஒத்திகை என்று மழுப்பிய அந்தப் பெண் போல, பாடியவரும் தப்பித்துக்கொள்ளலாம். அரண்மனைக் கவிப்போட்டியில் தலைப்பு செய்த வேலையை இங்கே பாட்டுப் பட்டியல் செய்கிறது.

2005-இல் அகிஹபாராவில் அரங்கம் தொடங்கிய ஏகேபி48 போன்ற ஐடல் குழுக்களையும் இந்தத் தலைப்பில் சேர்க்கலாம் என்பார்கள். ரசிகர் இசைத்தட்டு வாங்கி வரிசையில் நின்று சில நொடி கைகுலுக்குவது வழக்கமாக இருந்தது. ஒருதலை அன்பு அங்கே வியாபார ஏற்பாடாகிவிட்டது. அதைச் சமூகவியல் துறைக்கு விட்டுவிடுகிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். சென்னையிலும் பிற ஊர்களிலும் ஜப்பானிய மொழி படிக்கிறவர்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். பெரும்பாலோர் வேலைக்காகப் படிக்கிறார்கள். அவர்களில் தமிழ்க் கவிதையில் கை பழகிய ஒருவர், ஆங்கில வழியாகப் போகாமல், நேரே ஜப்பானியத்திலிருந்து நகாஜிமா மியூகியின் பாட்டுகளில் ஒரு இருபதையாவது தமிழாக்கித் தர வேண்டும். பாட்டெழுதியவரிடமோ உரிமை வைத்திருக்கும் இசைப் பதிப்பகத்திடமோ முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். காலம் பிடிக்கும், ஆகவே இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். ‘அகுஜோ’வை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.